எம்-ஒன் அரியர்: அண்ணா பல்கலைக்கழகக் கல்விக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கல்விக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களோடு இணைந்த 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் ஒன்றில், தென்மாவட்டப் பக்கம், முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பதினேழு வருடமாகிறது. நான் எடுக்கும் பாடத்தின் பெயர் ரெகுலேஷனுக்கு ரெகுலேஷன், அதாவது பாடத்திட்டம் புதிதாக வரும்போதெல்லாம், மாறும். 2017ல் ‘என்ஜினியரிங் மேத்தமேட்டிக்ஸ் ஒன்’ என்று இருந்தது. 2021ல் ‘மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்’ ஆனது. பிள்ளைகள் வாயில் அது என்றைக்கும் எம்-ஒன்தான். நான்காம் ஆண்டில் கேம்பஸுக்குக் கம்பெனி வரும் நேரம், ‘எத்தனை அரியர்டா வெச்சிருக்க?’ என்று கேட்டால், ‘ரெண்டு மேம்... அதுல ஒண்ணு எம்-ஒன்’ என்று தலையைச் சொறிவான். அரியர் என்றால் தேறாமல் பாக்கி நிற்கும் பேப்பர். அந்த ‘ஒண்ணு எம்-ஒன்’ பற்றித்தான் இந்த மடல்.

எங்களைப் போன்ற கல்லூரிகளில் ஆசிரியர் வேலை வகுப்பறையோடு முடிவதில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் அட்மிஷன் டியூட்டி போடுவார்கள். கையில் ஒரு போன் நம்பர் பட்டியல், ஆளுக்கு இத்தனை சேர்க்கை என்று ஒரு டார்கெட், காலேஜ் வேன். 2023 மே மாதம் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். அப்பா, அம்மா இருவருக்கும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. எங்களை உட்காரவைத்துவிட்டு, பையனைக் கடைக்கு அனுப்பிக் கலர் வாங்கி வந்து கொடுத்தார்கள். பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். கட்-ஆஃப் 200க்கு 109. ‘கணக்குதான் டீச்சர் கொஞ்சம் இடிக்குது. இன்ஜினியரிங் தாங்குமா?’ என்று கேட்டார் அப்பா. ‘கணக்கு டீச்சரே நான்தாண்ணே. எங்கிட்ட விட்ருங்க, நான் பாத்துக்கிறேன்’ என்றேன். டார்கெட்டுக்காகச் சொன்னது பாதி. மனசாரச் சொன்னது மீதி.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தாள். படிப்புக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. இப்போது மூன்றாமாண்டு. எம்-ஒன் ஐந்து முறை எழுதிவிட்டாள்.

அவளுக்குக் கணிதம் வரும். அது எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனதுதான் வெட்கம். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் ஸ்டாஃப் ரூம் வாசலில் நோட்டோடு நின்றாள். ‘மேம், ஃபங்ஷன்னா சார்பா?’ என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ‘லிமிட்னா எல்லையா? டெரிவேட்டிவ்னா வகைக்கெழுவா?’ ஒவ்வொன்றுக்கும் ஆமாம் சொல்லச் சொல்ல, நோட்டில் நான் போர்டில் எழுதிப்போட்டதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு மாதமாக என் வகுப்பில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த விஷயத்தையே தெரியாத விஷயம் என்று நினைத்துக் காப்பி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தாளை எடுத்து ‘பகுதி வகைக்கெழுக்களைக் காண்க’ என்று தமிழில் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே, சுவரில் நோட்டை அணைத்து வைத்துப் போட்டு முடித்தாள். சரியாக இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் எட்டாவது பாடம் அது. முந்தின திங்கள்கிழமை அதையேதான் ‘பார்ஷியல் டெரிவேட்டிவ்ஸ்’ என்று தலைப்புப் போட்டு நடத்தியிருந்தேன். அவள் முகத்தில் அன்று ஒரு சலனமும் இல்லை.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக் கேள்வித்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே அச்சாகிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்குப் போகிறவர்கள் எழுதும் ஜே.இ.இ. மெயின் தேர்வைக்கூட 2021லிருந்து தமிழில் எழுதலாம். மார்ச் மாதம் இரண்டு மொழியில் கேள்வி படித்த பெண், அதே வருடக் கடைசியில் செமஸ்டர் ஹாலில் உட்கார்ந்து ஒரே மொழியில் படிக்க வேண்டியிருக்கிறது. கல்லூரி வகுப்பு தொடங்கும் வரை இருந்த ஐந்தாறு மாதத்தில் அவளுக்கு யாரும் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கவில்லை. கலந்தாய்வுக்கும் சர்டிபிகேட் வாங்கவும் அலைந்ததுதான் மிச்சம்.

2010ல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ் வழி கொண்டுவந்தீர்கள். 2023 மே மாதம் பல்கலைக்கழகமே நடத்தும் 11 உறுப்புக் கல்லூரிகளில் அதை நிறுத்துவதாக அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினீர்கள். அந்தப் பெரிய விவாதத்துக்குள் நான் வரவில்லை. நான் சொன்ன அந்தப் பெண்ணே தமிழ் வழி வேண்டாம் என்றுதான் சொல்வாள், வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். முதல் செமஸ்டர் கணிதம், இயற்பியல், வேதியியல் கேள்வித்தாள்களை மட்டும் இரு மொழியிலும் அச்சடியுங்கள். பதிலை எந்த மொழியில் எழுதினாலும் திருத்துங்கள், கணக்குக்கு மொழி எவ்வளவுதான் வேண்டியிருக்கும்? பள்ளிப் புத்தகச் சொல்லையும் கல்லூரிச் சொல்லையும் எதிரெதிரே வைத்து ஒரு சிறு கையேடு போடுங்கள். அணிக்கோவை, டிட்டர்மினன்ட். நேர்மாறு அணி, இன்வர்ஸ் மேட்ரிக்ஸ். ஒரு பேருந்துப் பயணத்தில் படித்து முடிக்கிற அளவு போதும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறவர்கள் வகுப்பு வாசலில் நின்று தமிழ் காதில் விழுந்ததும் முகம் சுளிக்காமல் போனால், அது கூடுதல் உதவி.

மொழி ஒரு பாதி. இன்னொரு பாதி பிளஸ் ஒன்.

லிமிட், டிஃபரன்சியேஷன், இன்டக்ரேஷனின் ஆரம்பம், வெக்டர், டிரிக்னாமெட்ரி எல்லாமே பதினொன்றாம் வகுப்புப் பாடம். எம்-ஒன் நிற்பது அந்த அஸ்திவாரத்தில். ஆனால் ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைத் தொடவே தொடாது. இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம்தான், புக் பேக் கணக்குதான், சென்டம்தான். அங்கிருந்து 190க்கு மேல் கட்-ஆஃபோடு வந்த பிள்ளைகள் என் வகுப்பில் சைன் டீட்டாவுக்கு டெரிவேட்டிவ் கேட்டால் விழித்ததைப் பார்த்திருக்கிறேன். இதைத் தடுக்கத்தான் 2017-18ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அது போய்விட்டது. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும் என்கிறார்கள், குறையட்டும். ஆனால் 2025-26ல் பதினொன்று படித்த கூட்டம் 2027ல் உங்கள் வாசலுக்கு வரும். அவர்களில் எத்தனை பேர் பதினொன்றாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் திறந்திருப்பார்கள் என்று இப்போதே யோசித்து வைப்பது நல்லது. பள்ளிகளை நம்மால் மாற்ற முடியாது. முதல் செமஸ்டர் உங்கள் கையில் இருக்கிறது.

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) சொன்னபடி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூன்று வார இன்டக்‌ஷன் புரோகிராம் வைத்திருக்கிறோம். நல்ல யோசனைதான். நடப்பது என்னவென்றால், முதல் வாரம் ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர், இரண்டாம் வாரம் ஒரு மோட்டிவேஷன் பேச்சாளர், இடையில் யோகா, நூலகத்தைச் சுற்றிக் காட்டுதல், கடைசியில் டேலன்ட் ஷோ. ‘ஜெயிப்பதற்கே பிறந்தவன் நீ’ என்று மேடையில் கத்துவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த மூன்று வாரத்தில் பாதியைக் கணிதத்துக்குக் கொடுங்கள். முதல் நாளே மார்க் இல்லாத ஒரு சோதனை. யாருக்கு எது தெரியும், எது தெரியாது என்று ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். பிறகு பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவோம்.

இதையே இன்னும் ஆழமாகச் செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரத்தில், விமானம் கண்டுபிடித்த சகோதரர்கள் பெயரில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருக்கிறது. உலகத் தரப்பட்டியலில் மேலே தேடினால் கிடைக்காது, சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் படிக்கிற இடம். அங்கும் இதே கதை. பொறியியல் படிக்க ஆசைப்பட்டு வந்தவர்களில் பாதிக்கு மேல் முதலாமாண்டு கால்குலஸைத் தாண்டவில்லை. 2004ல் நேத்தன் கிளிங்பைல் என்ற இயந்திரவியல் பேராசிரியரும் அவர் சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். முதலாமாண்டுக்கு ‘பொறியியலுக்கு வேண்டிய கணிதம்’ என்று ஒரு பாடம் வைத்து, அதைப் பொறியியல் ஆசிரியர்களே எடுத்தார்கள், கூடவே லேப். முக்கோணவியல் என்றால் இரண்டு மூட்டு உள்ள ரோபோ கை. நேர்கோட்டுச் சமன்பாடு என்றால் பேட்டரியும் ரெசிஸ்டரும். டிஃபரன்ஷியல் ஈக்வேஷன் என்றால் ஓட்டை வாளி: மேலே குழாயில் தண்ணீர் விழுகிறது, கீழே ஓட்டை வழியாக ஒழுகுகிறது, மட்டம் எங்கே போய் நிற்கும்? மேலாண்டுப் பாடங்களுக்குப் போக இந்தப் பாடம் தேறினால் போதும். கால்குலஸ் பேப்பர்களைப் பின்னால் நிதானமாக முடித்துக்கொள்ளலாம். பட்டம் முடிப்பவர்கள் கூடினார்கள், பிற பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொண்டன.

படித்ததும் எனக்கு முதலில் வந்தது பொறாமை. எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் லேபும் என் வகுப்பறையும் ஒரே மாடியில்தான் இருக்கின்றன. பதினேழு வருடத்தில் ஒரு நாளும் என் பிள்ளைகளை நான் அங்கே கூட்டிப் போனதில்லை. கூட்டிப் போனால் பீரியட் போய்விடும், பீரியட் போனால் ஐந்து யூனிட் முடியாது. போன வருடம் ஒரு நாள் வம்படியாக ஹாஸ்டல் பிளாஸ்டிக் வாளி ஒன்றில் ஆணியால் ஓட்டை போட்டு வகுப்புக்குக் கொண்டுபோனேன். தண்ணீர் தரையெல்லாம் ஓடியது, துடைக்க வந்த அக்காவிடம் நல்ல ஏச்சு வாங்கினேன். ஆனால் கடைசி பெஞ்சில் இருந்தவர்கள் அன்றுதான் முன்னால் வந்து நின்றார்கள். ‘மேம், ஓட்டை பெருசானா மட்டம் கீழ போகும்ல, அது எந்த டெர்ம்?’ என்று கேட்டான் ஒருவன். எனக்குத் தெரிந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது.

உங்கள் கிண்டிக் கல்லூரி 1794ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. முக்கோணவியலை அவர்கள் போர்டில் மட்டும் பார்த்திருக்க மாட்டார்கள், கையில் சங்கிலியோடு வெயிலில் நின்றுதான் படித்திருப்பார்கள்.

‘இப்படியெல்லாம் இறங்கி வந்தால் தரம் என்ன ஆவது?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். 2014ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அறிவியல், பொறியியல், கணித இளநிலை வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஆசிரியர் பேச மாணவர் கேட்கும் வகுப்பில் தோற்றவர்கள் சராசரியாக 33.8 சதவீதம். மாணவர்கள் ஏதாவது செய்துகொண்டே கற்கும் வகுப்பில் 21.8. தேர்வில் எடுத்த மதிப்பெண்ணும் அங்கே கூடுதலாகவே இருந்தது. கேள்வித்தாளை எளிதாக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. கேள்வித்தாள் கடினமாகவே இருக்கட்டும்.

அடுத்தது அரியர். கலந்தாய்வு முடிந்து பிள்ளைகள் வகுப்பில் உட்கார ஆகஸ்ட் கடைசி, துணைக் கலந்தாய்வில் வருகிறவர்களுக்குச் செப்டம்பரும் ஆகிவிடும். டிசம்பர், ஜனவரியில் தேர்வு. ரிசல்ட் வந்து, ரீவேல்யுவேஷன் போட்டு, அது வருவதற்குள் இரண்டாம் செமஸ்டர் மாடல் எக்ஸாம் வந்துவிடும். எம்-ஒன் போன பிள்ளை ஏப்ரல், மே மாதத்தில் இரண்டாம் செமஸ்டர் பேப்பர் அத்தனையோடும் சேர்த்து அதை எழுத வேண்டும். இடைப்பட்ட மாதங்களில் அவனுக்கு எம்-ஒன் நடத்த ஆளில்லை, டைம்டேபிளில் இடமில்லை. கேட் எதிரே ஜெராக்ஸ் கடையில் டூ-மார்க் கேள்வித் தொகுப்பு கிடைக்கும், அதுதான் அவனுக்கு ஆசிரியர். பழையதும் போகும், புதியதில் ஒன்றும் கூடப் போகும். அரியர் குட்டி போடுவது இப்படித்தான்.

பிளஸ் டூவில் ஃபெயில் ஆனவனுக்கே ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில் துணைத்தேர்வு வைத்து, அதே வருடம் கல்லூரியில் சேர வழி செய்கிறது பள்ளிக்கல்வித் துறை. நாம் ஏன் செய்யக்கூடாது? முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த ஒரு மாதத்துக்குள் துணைத்தேர்வு. அந்த மாதம் முழுக்க மாலையில் ஒரு மணி நேரம் வகுப்பு, எடுக்கிற ஆசிரியருக்கு அதற்கான சம்பளம். அதில் தேறிவிட்டால் முதல் தோல்வி எந்தச் சான்றிதழிலும் தெரியக்கூடாது. இதைக் கட்டாயம் கேட்கக் காரணம் உண்டு. கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளில் சில ‘ஸ்டாண்டிங் அரியர்’ (இன்னும் தேறாத பேப்பர்) இருக்கக்கூடாது என்பதோடு நிற்பதில்லை, ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ (எப்போதோ தவறிப் பிறகு தேறிய பேப்பர்) கூட இருக்கக்கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. பதினெட்டு வயதில், வீட்டை விட்டு வந்த நான்காவது மாதம் சறுக்கியது, இருபத்தொன்றாவது வயதில் இன்டர்வியூ அறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது.

எம்.ஐ.டி.யில் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, மாசசூசெட்ஸில் இருப்பது) 1960களின் கடைசியிலிருந்து முதல் செமஸ்டருக்கு கிரேடு கிடையாது. தேறினால் தேறினான் என்று மட்டும் பதிவாகும். தேறாவிட்டால் வெளியே போகும் சான்றிதழில் அந்தப் பாடம் இருந்த தடமே இருக்காது. உலகத்திலேயே கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கிற இடத்தில், அவர்களுக்கே பழகிக்கொள்ள ஒரு செமஸ்டர் வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

எல்லோரையும் தேர்வில்லாமல் தேற்றிவிடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2020 ஆகஸ்டில், கொரோனா சமயம், கட்டணம் கட்டிய அத்தனை பேருக்கும் அரியர் பாஸ் என்று அரசு அறிவித்ததும் முதலமைச்சரைக் கடவுளாக்கிப் போஸ்டர் ஒட்டினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போய், கடைசியில் தேர்வு வைக்கத்தான் வேண்டியிருந்தது. அதற்குள் படித்ததையும் மறந்துபோயிருந்தவர்கள் என்னிடம் வந்து நின்றார்கள்.

ஆசிரியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாமாண்டு எடுக்கும் எங்களுக்கு ‘எஸ் அண்ட் எச்’ என்று பெயர், சயின்ஸ் அண்ட் ஹியுமானிட்டீஸ். மாப்பிள்ளை வீட்டில் தூரத்துச் சொந்தத்துக்குக் கிடைக்கும் மரியாதைதான். கல்லூரியில் ஆள் குறைப்பு என்றால் முதலில் இங்கேதான், சம்பளம் நிற்பதும் முதலில் இங்கேதான். ஏ.ஐ.சி.டி.இ. 2018ல் 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பதை 20 ஆக்கியது. என் வகுப்பில் 68 பேர். 2024ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட பட்டியலில், ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்கு இருந்தது நினைவிருக்கும். அந்தக் காகித ஆசிரியர்கள் எடுக்காத வகுப்பைத்தான் எங்களைப் போன்றவர்கள் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். மிச்ச நேரம் என்.பி.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) ஃபைலுக்குப் போகிறது. சி.ஓ., பி.ஓ. அட்டெய்ன்மென்ட் என்று, பாடத்துக்கும் படிப்புக்கும் வைத்த இலக்கைப் பிள்ளைகள் எவ்வளவு எட்டினார்கள் என்று காட்டும் ஒரு எக்செல் ஷீட் உண்டு. எண் எட்ட வேண்டிய இடத்தை எட்டியாக வேண்டும், எட்டாவிட்டால் எட்டவைப்போம். எப்படி என்று கேட்காதீர்கள். அந்த ஷீட்டில் பாதியைக் குறைத்தாலே எனக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

செமஸ்டருக்கு செமஸ்டர் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறீர்கள். பெற்றோர் அதைப் பார்த்துத்தான் கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதனால் என்ன நடக்கிறது என்று நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், தேர்வுக்கு ஒரு மாதம் முன்னால் மெலிந்த பிள்ளைகளின் பட்டியல் எடுப்பார்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்கு மேலேயே இருந்தாலும் சிலருக்குக் குறைந்துவிடும். ஹால் டிக்கெட் வராது. எழுதாதவன் ஃபெயில் கணக்கில் வர மாட்டான், சதவீதம் ஏறும். இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் வெளியிடுங்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் அரியர் இல்லாமல் வெளியே போனவர்கள் எத்தனை பேர், நடுவில் காணாமல் போனவர்கள் எத்தனை பேர். உங்கள் கணினியில் இருக்கிற தகவல்தான்.

இத்தனையும் ஒரே வருடத்தில் நடக்காது என்று எனக்கும் தெரியும். இரு மொழிக் கேள்வித்தாளும் துணைத்தேர்வும் மட்டும் முதலில் வரட்டும். 2027க்கு முன்னால் வந்தால் நல்லது.

எங்கள் காலேஜ் பஸ் அந்தப் பெண்ணின் ஊர் வழியாகத்தான் வருகிறது. போன மாதம் ஒரு நாள் காலையில் அவளை ஏற்றிவிட வந்த அப்பா, ஜன்னலோரம் நான் இருப்பதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். கையில் தீப்பெட்டி ஆபீஸுக்குக் கொண்டுபோகும் தூக்குச் சட்டி. ‘டீச்சர், அந்தக் கணக்கு இந்த வாட்டி வந்துருமா?’ என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ‘வந்துரும்ணே’ என்றேன். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார்.

ஏப்ரலில் ஆறாவது முறை எழுதுகிறாள். மே மாதம் எனக்கு மறுபடி அட்மிஷன் டியூட்டி.

இப்படிக்கு,
இணைப்புக் கல்லூரி ஒன்றின் கணித ஆசிரியை